கோதண்டபாணி ஆறுமணிக்குருவி பார்க்கப் போனது

கோதண்டபாணி கோபத்தை விட்டுவிட்டார். தெருவுக்கே தெரியட்டும் என்று, "இன்னையிலேர்ந்து நான் யாரு மேலயும் கோவப்பட மாட்டேன்!" என்று ஓங்கிக் கத்தினார். கத்தின கத்தலில் மாடிப்படியில் படுத்திருந்த பூனை சுவரேறி ஓடியது. எதிர்வீட்டு ராஜம்மாள் பதறிப்போய் வாசலுக்கு வந்து, "யாருக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டாள். "யாருக்கும் ஒண்ணும் ஆவல. கோவத்த விட்டுட்டேன்னு சொன்னேன். அதுல உனக்கு என்னா நோவுது?" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினார். தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது.

கோபத்தை விடச் சொன்னவர் டாக்டர். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றியதுமே இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டை இறுக்குகிறதாம். அந்தக் கோபத்தோடு சேர்த்து எடுத்த அளவைப் பார்த்து டாக்டர் மிரண்டுபோனார். "சார், இது உங்க பிரஷரா, இல்ல உங்க கம்பெனி சூளையோட பிரஷரா?" என்றவர், மாத்திரை மட்டும் போதாது, வாயை மூடிக்கொண்டு செய்கிற மாதிரி ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

சூளை என்று அவர் சொன்னது சும்மா இல்லை. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் வாஷ்பேசின் செய்கிற ஒரு கம்பெனியில் கோதண்டபாணி சூளை சூப்பர்வைசர். சூளைக் கதவில் இருக்கிற சின்ன ஓட்டையில் ஒற்றைக் கண்ணை வைத்து, உள்ளே எரியும் நெருப்பின் நிறத்தைக் கொண்டே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். வெந்து வந்த பேசினில் மயிரிழை விரிசல் இருந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிப்பார். அதைச் செய்தவனை அங்கே நின்றபடியே திட்டவும் செய்வார், பேட்டை முழுவதும் கேட்கும்.

இந்த மனிதருக்குத் தங்கராசு என்று ஒரு மைத்துனன். அந்தக் கதையைச் சொல்லும்போது சொல்லுகிற நமக்கே ஆத்திரம் வரும். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தங்கராசு, கோதண்டபாணியின் மனைவி விருத்தாம்பாளுக்கு ஒரே தம்பி. பெண்ணாடத்தில் கரும்பு போடுகிறவன். சில வருடங்களுக்கு முன்னால் புது வீடு கட்டிக் குடிபோனான். அக்காள் புருஷன் வெறுங்கையோடு போவாரா? தன் மேற்பார்வையில் வெந்த ஒரு வாஷ்பேசினைச் சீராகக் கொண்டுபோனார். வானநீலம். ஒரு புள்ளி குறை சொல்ல முடியாது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

தங்கராசு வீட்டில் அதற்குள் வேறு பேசின் பதித்தாகிவிட்டது. மாமா மனசு நோகக்கூடாதே என்று இதையும் வாங்கி வைத்துக்கொண்டான். அடுத்த பொங்கலுக்குப் போன கோதண்டபாணி மாட்டுக்கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார். வானநீலப் பேசினில் கன்றுக்குட்டி கழனித்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இவரைக் கண்டதும் தலையைத் தூக்கி, நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டது.

"சும்மா கெடக்குதேன்னு வச்சேன் மாமா. கன்னுக்குட்டிக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சு" என்றான் தங்கராசு. நல்ல மனசோடு சொன்னதுதான். நல்ல மனசோடு சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்கிற ஆளா இவர்?

"இனிமே உன் மூஞ்சியப் பாக்க மாட்டேன்டா! கொளஞ்சியப்பர் மேல சத்தியம்! நானா வாயத் தொறந்து உன்கிட்ட ஒத்த வார்த்த பேசுனா, அன்னிக்கு நீ என் வூட்டு வாசப்படி ஏறலாம். அது வரைக்கும் உனக்கும் எனக்கும் பேச்சு கெடையாது!"

கொளஞ்சியப்பர் சாதாரணச் சாமி இல்லை. வம்பு வழக்கு என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் போலீசுக்குப் போவதற்கு முன்னால் அங்கே போய்ப் பிராது கொடுத்துவிட்டு வருகிறவர்கள். அந்தச் சாமி மேல் செய்த சத்தியத்தை மீற யாருக்குத் துணிச்சல் வரும்? அன்றிலிருந்து தங்கராசு எதிரில் வந்தால் கோதண்டபாணி வானத்தைப் பார்ப்பார். கல்யாண மண்டபத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டால் மின்விசிறியைப் பார்ப்பார். அவன் "மாமா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து போனான்.

இந்த வருடம்தான் வினை முற்றியது. மகள் பூர்ணிமாவுக்கு நல்லூரில் மாப்பிள்ளை அமைந்து, தை மாதத்தில் கல்யாணம் என்று நாளும் குறித்தாகிவிட்டது. பெண்ணுக்கு மாலை போட்டு மணமேடைக்கு அழைத்து வருவதும் நெற்றியில் பட்டம் கட்டுவதும் தாய்மாமன் முறை.

"தாய்மாமன் இல்லாம எப்படிங்க கல்யாணம்?" என்றாள் விருத்தாம்பாள்.

"எங்க அண்ணன் கட்டுவாரு பட்டம்."

"உங்க அண்ணன் அவளுக்குப் பெரியப்பா. தாய்மாமன் ஆவாரா?"

"அப்ப அந்தக் கன்னுக்குட்டிய வரச்சொல்லு. அதான் ரொம்ப வேண்டப்பட்டது."

"ஏங்க, அது பசுவாகி ரெண்டு ஈத்து ஈனிடுச்சுங்க. உங்க கோவம் மட்டும் இன்னும் கன்னுக்குட்டியாவே நிக்குது."

"நிக்கட்டும்!"

"அப்பா அம்மா போனப்பறம் நான் இடுப்புல தூக்கி வளத்த புள்ள அவன். ஒரு தொட்டிக்காக..."

"தொட்டியா? அது வாஷ்பேசின்டி!"

விருத்தாம்பாளுக்கும் கோபம் வந்துவிட்டது. புருஷன் கோபம் தெருவுக்குக் கேட்கும், இவள் கோபம் அடுப்படிக்குக்கூடக் கேட்காது. தம்பி வந்து நிற்காத மேடையில் என் மகள் உட்கார மாட்டாள் என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டியது கோதண்டபாணிக்குத் தெரியாது.

டாக்டரிடம் போய் வந்த அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"யோகா கிளாஸுக்குப் போறீங்களா?"

"காலை மடக்கி உக்காந்தா கோவம் போயிடுமா? முட்டிக்குத்தான் போவும்."

"சாயங்காலத்துல கோயிலச் சுத்தி நடங்களேன்."

"வெளியில வுட்ட செருப்ப எவன் மாட்டிக்கினு போறானோன்னு நெனப்பு ஓடும். இருக்கிற கோவமும் ஏறும்."

"கடலூர்ல கடலோரமா ஒரு பார்க்கு இருக்குதாம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் குருவி பாக்குறாங்களாம். ஐப்பசி மாசம் வடக்கேருந்து பாட்டுக் குருவிங்கல்லாம் வருதாம். ரெண்டு மணி நேரம் வாயத் தொறக்கக் கூடாதாம். சரி, அது உங்களுக்கு ஆவாது, வுடுங்க."

"ஏன் ஆவாது?"

"நெருப்பையே பாத்துப் பாத்து மங்கிப்போன கண்ணு. அதுல குருவி எங்க தெரியப்போவுது?"

கோதண்டபாணி கையை உதறிக்கொண்டு எழுந்தார். "என் கண்ணப் பத்தியாடி பேசுற? பத்தடிக்கு அப்பால மயிரிழ விரிசலப் பாக்குற கண்ணு இது! வர்ற ஞாயித்துக்கெழம பாருடி!"

இவரை ஒன்று செய்ய வைக்க வேண்டுமானால் அது உங்களால் ஆகாது என்று சொன்னால் போதும். இத்தனை வருடக் குடித்தனத்தில் விருத்தாம்பாள் கற்ற பாடம் அது. கல்யாணமே அப்படித்தான் நடந்தது என்று பேட்டையில் ஒரு பேச்சு உண்டு.

கடலூர்ப் பூங்காவில் சுனாமிக்கப்புறம் நட்ட சவுக்கு ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. நடுநடுவே நொச்சியும் முள்ளுமாகப் புதர்கள். அங்கே குருவி பார்க்கிற கூட்டத்தை நடத்துகிறவர் இனியவன் என்கிற பள்ளிக்கூட வாத்தியார். மெலிந்த ஆள். ஆனால் பூங்கா வாசலைத் தாண்டியதும் உதட்டில் விரலை வைத்தாரென்றால் கலெக்டரே வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு பேருக்கு ஒரு புதர். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கை ஜாடை மட்டும்தான்.

எல்லாரும் அங்கே காத்திருப்பது ஆறுமணிக்குருவிக்காக. உடம்பில் ஒன்பது நிறமாம். புதருக்கு அடியில் சருகைக் கிளறிக்கொண்டு திரியும். காலையில் ஆறு மணி வாக்கிலும் சாயங்காலம் ஆறு மணி வாக்கிலும் விசிலடிக்கும். வலசை வருகிற களைப்பில் கடலோரப் புதர்களில் வந்து விழும். கோதண்டபாணி பாண்டிச்சேரியில் பழைய பைனாகுலர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு போனார். பழக்க தோஷத்தில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டே பார்த்தார். இரண்டு கண்ணாலும் பாருங்கள் என்று இனியவன் ஜாடை காட்டினார். இரண்டையும் திறந்தால் இவருக்கு இரண்டு புதர் தெரிந்தது, குருவி ஒன்றுகூடத் தெரியவில்லை.

முதல் வாரம் எல்லாரும் பார்த்தார்கள், இவர் பார்க்கவில்லை. அடுத்த வாரம் பல்லுப்போன பென்ஷன்காரர் ஒருவர் இரவல் பைனாகுலரில் பார்த்துவிட்டு, ஆனந்தத்தில் இவர் தொடையைக் கிள்ளினார். அதற்கும் அடுத்த வாரம் குருவி இவருடைய புதருக்கே வந்ததாம். இவர் பார்க்க எழுந்த எழுச்சியில் அது பறந்துவிட்டது. இனியவன் வெளியே கூட்டிக்கொண்டு போய், "சார், இன்னொரு தடவை எந்திரிச்சா நீங்க வரவே வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் விருத்தாம்பாள் கேட்டாள்: "குருவி பாத்தீங்களா?"

"அது என்னப் பாத்துச்சு."

"பாத்து?"

"போயிடுச்சு! போதுமா? ஊருல இருக்குற கண்ணு தெரியாதவன்லாம் பாக்குறான். எனக்கு மட்டும் காட்ட மாட்டேங்குது. அதுக்கு எவ்ளோ திமிரு இருக்கணும்! அதப் பாக்காம வுட்டா நான் சூளைக்காரனே இல்ல!"

"அடுத்த வாரம் நானும் வரேங்க."

"நீ என்னாத்துக்கு?"

"உங்களுக்குத் தெரியலன்னா எனக்கா தெரியப்போவுது? சும்மா காத்து வாங்கத்தான்."

அந்தப் பதில் அவருக்கு இதமாக இருந்தது. சரி வா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விருத்தாம்பாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் ஒரு ஒயர்கூடையோடு கிளம்பினாள். குருவி பார்க்கப் பட்டுப்புடவை எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை இவருக்கு. பஸ்ஸில் வழியெல்லாம் குருவியைத் திட்டிக்கொண்டே வந்தார். பூங்கா வாசலில் இனியவன் உதட்டில் விரலை வைத்தார். எல்லாரும் வாயை மூடி உள்ளே போனார்கள். நல்ல நொச்சிப் புதராக ஒன்றை இனியவன் இவருக்குக் காட்டினார். அதன் எதிரில் கிடந்த சவுக்குக் கட்டையில் ஏற்கெனவே ஒருவன் வெள்ளைவெளேரென்று சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான்.

தங்கராசு.

கோதண்டபாணியின் முகம் முதலில் சிவந்தது, பிறகு ஆரஞ்சாக மாறியது. பேட்டைக்காரர்கள் பார்த்திருந்தால் சூளையை அணைக்க ஓடியிருப்பார்கள். வாயைத் திறந்தார். இனியவனின் விரல் உதட்டுக்குப் போனது. வாயை மூடினார். மனைவி பக்கம் திரும்பி, 'இவன் எப்படி இங்க?' என்று கையை விரித்தார். விருத்தாம்பாள், 'எனக்கு என்னா தெரியும்?' என்று உதட்டைப் பிதுக்கினாள். 'நான் போறேன்' என்று வாசலைக் காட்டினார். அவள், 'தாராளமா' என்று தலையை ஆட்டிவிட்டு, புதரைக் காட்டி, தம்பியைக் காட்டினாள். நீங்கள் போனால் புதர் அவனுக்கு என்று அர்த்தம். 'வூட்டுக்கு வா, வச்சிக்கிறேன்' என்று விரலை ஆட்டினார். அவள் அதைப் பார்க்காமல் அடுத்த புதருக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வயிறு எரிய எரியக் கட்டையில் உட்கார்ந்தார் கோதண்டபாணி. சத்தியப்படி அந்தப் பயலின் முகத்தைப் பார்க்கக் கூடாது. கழுத்தை ஒரு பக்கம் திருப்பி, பைனாகுலரைக் கண்ணில் அழுத்தி, புதரைத் துளைத்தார். இலை தெரிந்தது. முள் தெரிந்தது. ஒரு ஓணான் தெரிந்தது, அதுவும் இவரைப் பார்த்துத் தலையாட்டியது. ஓணான் மேலேயும் கோபம் வந்தது.

பக்கத்தில் தங்கராசு தன் பைனாகுலரைத் தூக்கினான். ஓரக்கண்ணில் அந்த அசைவு மட்டும் தெரிந்தது. பிறகு அவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். 'ஹா' என்று மெதுவாக விட்டான். ஏதோ பார்த்துவிட்டான்!

கரும்பு வெட்டுகிறவனுக்கு முதல் நாளிலேயே தெரிகிறது, எனக்குத் தெரியவில்லையா? கோதண்டபாணி முட்டி போட்டு முன்னால் நகர்ந்தார். பெரிய கண்ணைச் சின்னதாக்கினார். மூடியிருந்த கண்ணையும் திறந்து பார்த்தார். இலை, முள், ஓணான். தங்கராசு தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டு சிரிப்பது கேட்டது. குருவி ஆடுகிறது போலிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறான். படுபாவி, அவனுக்காக ஆடுகிறது.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. எங்கேயோ கிட்டத்தில் இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்டது. ஆறு மணி! பூங்கா முழுக்கக் கழுத்துகள் நிமிர்ந்தன. தங்கராசு புதரின் அடிவாரத்தை நோக்கி விரலை நீட்டி, உடம்பெல்லாம் நடுங்க, "அடடடடா" என்று மூச்சுக்காற்றிலேயே சொன்னான். இன்னும் ஒரு நிமிடத்தில் இருட்டிவிடும். இனிக் குருவி போய்விடும். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொள்ளும். கோதண்டபாணிக்குள் இருந்த சத்தியமும் சாமியும் கன்றுக்குட்டியும் ஒரு ஓரமாக ஒதுங்கின.

"எங்கடா?" என்றார்.

ரகசியமாகத்தான் கேட்டார். ஆனால் சூளை இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகின தொண்டை அது. பூங்கா வாசல் வரைக்கும் கேட்டது. பின்னாலிருந்த முள்புதரிலிருந்து ஒன்பது நிறமும் பளிச்சென்று கிளம்பி, எல்லார் தலைக்கும் மேலாகப் போனது. எல்லாரும் பார்த்தார்கள். கோதண்டபாணி மட்டும் தங்கராசு காட்டிய பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனியவன் ஓடி வந்தார். "யாரு பேசுனது? யாரு?"

அத்தனை விரலும் ஒரே ஆளைக் காட்டின.

"நீங்க இவர்கிட்ட பேசுனீங்களா, இல்லையா?"

"பேசுனேன், இப்ப அதுக்கு என்னாங்கறீங்க!" என்று எகிறினார் கோதண்டபாணி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

விருத்தாம்பாள் அடுத்த புதரிலிருந்து எழுந்து வந்தாள். கண் கலங்கியிருந்தது. குரலில் மட்டும் கலக்கமில்லை. "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? அவரே வாயத் தொறந்து எந்தம்பிகிட்ட பேசிட்டாரு."

"நான் பேசல! கேள்விதான் கேட்டேன்!"

"கேள்வி என்னா ஊமைப் பாஷையா? 'ஒத்த வார்த்த'ன்னுதான சத்தியம் பண்ணீங்க? ஒத்த வார்த்த பேசிட்டீங்க."

"இது செல்லாது! இது சதி!"

"கொளஞ்சியப்பர்கிட்ட போய்ச் சொல்லுங்க, செல்லாதுன்னு."

கோதண்டபாணி வாயைத் திறந்தார். அந்தச் சாமியிடம் போய் அப்படிச் சொல்கிற நெஞ்சுரம் அவருக்கு இல்லை. வாயை மூடிக்கொண்டார். விருத்தாம்பாள் ஒயர்கூடையிலிருந்து தட்டை எடுத்து, வெற்றிலை பாக்கு, பூ, வேட்டி துண்டு எல்லாவற்றையும் அந்தச் சவுக்குக் கட்டையிலேயே அடுக்கினாள். தாய்மாமனைக் கல்யாணத்துக்கு முறையாக அழைக்க வேண்டுமே. தட்டின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள். மறுபக்கத்தைப் பிடிக்கச் சொல்லிப் புருஷனைப் பார்த்தாள். பென்ஷன்காரர், இனியவன், குருவி பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். கோதண்டபாணி பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார்.

தங்கராசு தட்டை வாங்கிக்கொண்டு, "மாமா" என்று காலில் விழுந்தான். அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. "பூர்ணிமாவ நான் தோள்ல தூக்கியே மேடைக்குக் கொண்டாரேன் மாமா" என்றான்.

"தூக்கிக் கீழ போட்டுடாத. எழுந்திரு, எழுந்திரு" என்று சிடுசிடுத்தார் கோதண்டபாணி. குனிந்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். அதற்காகவும் தன் மேலேயே கோபம் வந்தது.

"மன்னிச்சிக்கங்க சார், அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க வர வேணாம்" என்று சொல்லிவிட்டு இனியவன் போனார். கூட்டம் கலைந்தது. விருத்தாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினாள். கோதண்டபாணி மட்டும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இன்னும் அந்த நொச்சிப் புதரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"சத்தியம் போச்சு. சங்கம் போச்சு. ஊரு சிரிக்கப் போவுது. அந்தக் குருவி எங்க உக்காந்திருந்துச்சுன்னாவது சொல்லித் தொலைடா. நீதான அவ்ளோ நேரம் பாத்துப் பாத்துச் சிரிச்ச?"

தங்கராசு அக்காளைப் பார்த்தான். அக்காள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் தயங்கித் தயங்கிக் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி மாமாவின் கையில் கொடுத்தான். முன்பக்கத்துக் கறுப்பு மூடி இரண்டும் மாட்டினபடியே இருந்தன.

"கண்ணுல வச்சிக்கினு சிரிக்கத்தான் அக்கா சொல்லிக் குடுத்துச்சு மாமா. இதக் கழட்டணும்னு சொல்லவே இல்ல."